மே மாதம் மான்செஸ்டர்: காட்பாடியிலிருந்து பார்த்தால் ஒரு விமான நிறுவனம்

மீனம்பாக்கத்தில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்டுவிட்டுத்தான் வேலூர்க்காரர்கள் டிக்கெட் விலையையே பார்க்க வேண்டும். வளைகுடா வழியாக ஐரோப்பா போகும் விமானங்களில் பல விடியற்காலை மூன்று, நான்கு மணி வாக்கில் சென்னையை விட்டுக் கிளம்புபவை. டிக்கெட்டில் 10ஆம் தேதி என்று போட்டிருந்தால் நாம் வீட்டைப் பூட்ட வேண்டியது 9ஆம் தேதி ராத்திரி. சத்துவாச்சாரியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சரியாக ஒரு நாள் தாமதமாக, மாலை போட்டு வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களோடு போய் நின்றது.

நாங்கள் பல கோடைகளாகப் போய்வருவது அப்படி ஒரு வளைகுடா நிறுவனத்தில். பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்லதைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள். குறையைச் சொன்னால் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வளைகுடாவில் ஆளில்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்கா சிஎம்சியில் நர்சிங் படித்தவள். இப்போது மான்செஸ்டர் பக்கம் என்எச்எஸ் எனப்படும் அரசு சுகாதாரச் சேவையின் மருத்துவமனை ஒன்றில் வேலை. சென்னையிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேரடியாகவே போகிறது. ஏறி உட்கார்ந்தால் பத்து, பதினொரு மணி நேரத்தில் ஹீத்ரூ. ஆனால் அங்கே இறங்கி, பெட்டிகளையும் முட்டிவலி அம்மாவையும் கூட்டிக்கொண்டு இன்னும் முந்நூறு கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். வளைகுடா நிறுவனங்கள் மான்செஸ்டருக்கே கொண்டுபோய் இறக்கிவிடுகின்றன. நடுவில் ஒரு தரம் மாறி ஏற வேண்டும், அவ்வளவுதான். இந்த நிறுவனத்தை விடாமல் பிடித்திருப்பதற்கு முதல் காரணம் இதுவே. மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் முடிவுக் கணக்கு, ஏப்ரல் பாதி வரை அதன் மிச்சசொச்சம். அதனால் லீவு என்றால் மே மாதம்தான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் அப்போதுதான். அக்கா பிள்ளைகளுக்கு மே கடைசி வாரம் ஹாஃப் டெர்ம் விடுமுறை வருகிறது. அந்த ஒரு வாரத்தில் மட்டும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக வீட்டில் இருப்பார்கள். இங்கிலாந்தில் பெரிய விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்குகிறது. ஆகவே மே மாதத்தில் வளைகுடாவிலிருந்து மான்செஸ்டர் போகும் விமானத்தில் ஓரளவு இடம் இருக்கும். நெரிசல் எல்லாம் சென்னையிலிருந்து வளைகுடா வரைக்கும்தான். விலையை ஏற்றுவதும் அந்தத் துண்டுதான்.

டிசம்பர், ஜனவரியில் டிக்கெட் வாங்கினால் விலை சுமாராக இருக்கும். சிக்கல் விசாவில். இங்கிலாந்து விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை வைக்கச் சென்னையில் விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையத்துக்குப் போக வேண்டும், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். அதாவது ஜனவரியில் மலிவாக வாங்குகிறவர் கையில் விசா இல்லாமல் வாங்குகிறார். பணம் திரும்பாத மலிவு டிக்கெட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் ரத்து செய்யக்கூடிய வகையில்தான் நாங்கள் வாங்குகிறோம். இந்த நிறுவனத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விழுங்கக்கூடியது. ஒரு வருடம் மாமாவுக்கு வேலை மாறி எங்கள் பயணமே நின்றபோது, பிடித்தம் போக மீதிப் பணம் பேசாமல் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது நம் ஆட்களுக்கென்றே இருக்கும் தலைவலி, இனிஷியல். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் பெயர் சர்நேம். அம்மாவுக்கு ஒரே பெயர், சர்நேம் கட்டம் காலி. ஒரே வீட்டில் மூன்று தினுசு. விமான நிறுவனத்தின் இணையதளமோ சர்நேம் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. எங்கள் நிறுவனம் சொன்ன வழி, இருக்கிற ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவது. வேறு சிலர் எஃப்என்யு, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று போடச் சொல்வார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வாங்கிய பிறகு பெயர் திருத்துவது சில இடங்களில் டிக்கெட்டை ரத்து செய்து புதிதாக வாங்குவதில் போய் முடியும். போகும் வழியில் துபாயையும் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு தளர்த்தினார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டை அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு பெயராக மாற்றிவிடலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் அதற்குச் சென்னை வரை அலைய வேண்டியதில்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும் கைப்பையில் இருக்கட்டும். பிள்ளையின் சர்நேம் வேறாக இருந்தால் மான்செஸ்டர் இமிகிரேஷனில் உறவைக் கேட்பார்கள்.

மீனம்பாக்கம் போகும் வழிக்கு வருகிறேன். காரில் என்றால் வாலாஜா டோல், காஞ்சிபுரம் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம். தூரம் என்னவோ நூற்று நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஆறுவழியாக்கும் வேலை எங்கே மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறது என்பது அன்றைக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரவு எட்டரைக்குள் கிளம்பிவிடுவது நல்லது. ஆள் குறைவு, பெட்டி குறைவு என்றால் ரயில்தான் என் கட்சி. பெங்களூரிலிருந்து வரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் மாலை ஏழு மணி வாக்கில் காட்பாடியைத் தொடும், ஒன்பதரைக்குள் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. கடைசி மெட்ரோ பதினொரு மணி அளவில் என்பதால் ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் சமாளிக்கலாம். 2023 ஏப்ரலில் திறந்த புது டெர்மினலில் உட்கார இடம் இருக்கிறது. காபி விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது உத்தமம்.

விமானத்துக்குள் குறை சொல்ல அதிகம் இல்லை. சைவம் வேண்டுமென்றால் ஏவிஎம்எல் என்ற வகையைக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் குறிக்க வேண்டும். குறித்தால் எல்லாருக்கும் முன்னால் தட்டு வந்துவிடும். காரம் இருக்காது, ஊறுகாய் பாக்கெட் கொண்டுபோங்கள். சென்னையிலிருந்து போகும் விமானத்தில் தமிழ் பேசும் பணிப்பெண் ஒருவராவது பெரும்பாலும் இருக்கிறார். அம்மாவுக்கு அது பெரிய தைரியம்.

தரையில்தான் இவர்கள் முகம் மாறுகிறது. விமான நிறுவனங்களின் கோடைக்கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறில் தொடங்குகிறது. அதே நாளில் இங்கிலாந்தில் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். ஜனவரியில் வாங்கிய டிக்கெட்டின் நேரம் அதற்குள் எப்படியும் ஒரு தரம் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் சென்னை விமானத்தைத் தள்ளிவைத்து, மாறி ஏறும் நேரத்தை ஐம்பது நிமிடமாகச் சுருக்கிவிட்டார்கள். செயலியில் வந்த தகவலுக்குக் கீழே பெரிதாக ஒரே பொத்தான், ‘அக்செப்ட்’. வாடிக்கையாளர் எண்ணுக்கு அடித்தால் பாட்டு. பாட்டு முடிந்து ஆள் வந்தால், ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட், அவரிடமே கேளுங்கள் என்று வைத்துவிட்டார்.

நல்லவேளை, அந்த ஏஜென்ட் முகம் தெரியாத இணையதளம் இல்லை, காந்தி ரோட்டுக்காரர். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்கு டிக்கெட் போட்டே தலை நரைத்தவர். கடை போர்டில் தமிழுக்கு மேலே வங்காளி எழுத்து இருக்கும். ‘சார், அக்செப்ட் மட்டும் குடுத்துடாதீங்க. குடுத்தா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்’ என்றார். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாறும் நேரம் என்று ஒன்று உண்டாம், எம்சிடி என்கிறார்கள். அதற்குக் கீழே போனால் அவர்களே வேறு விமானம் தர வேண்டும். அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் வீல்சேர் பயணி இருக்கிறார் என்று சொல்லிக் கேட்கலாம். அவர் அப்படித்தான் கேட்டார். பைசா கூடக் கட்டாமல் முந்தைய நாள் விமானத்துக்கு மாறினோம். அவர் எடுத்துக்கொள்ளும் கூடுதல் காசு அந்த ஒரு வாக்கியத்துக்கே தகும் என்பது என் கணக்கு. அவர் இல்லையென்றால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவேன். ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக இடைத்தளங்களில் வாங்கமாட்டேன்.

வீல்சேர் இலவசம், முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். மீனம்பாக்கத்திலும் மான்செஸ்டரிலும் அருமையாக நடக்கிறது; இமிகிரேஷன் வரிசையில்கூட அம்மாவுக்குத் துணையாக ஒருவரையாவது விடுவார்கள். வளைகுடா விமான நிலையத்தில்தான் கதை வேறு. விமான வாசலில் இருந்து தள்ளிக்கொண்டுபோய், வீல்சேர் பயணிகளுக்கான ஒரு பகுதியில் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். மாலை வெயில் மாதிரி மஞ்சள் விளக்கு, மடியில் போர்டிங் பாஸோடு பத்து இருபது முதியவர்கள். போர்டிங் தொடங்கும் வரை யாரும் வருவதில்லை. ‘இன்னாடா இது, ஓரமா வெச்சிட்டுப் பூட்டானுங்க. பாத்ரூம் போவணும்னா யாரக் கேக்கறது?’ என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நானே தள்ளிக்கொண்டு போகிறேன் என்றால் விதி இடம் தராது என்றார்கள். இதைப் பற்றி ஒவ்வொரு முறையும் எழுதிப் போடுகிறேன், ஒவ்வொரு முறையும் ஒரே வாசகத்தில் மன்னிப்பு வருகிறது. முட்டி வலி உள்ளவர்களோடு போகிறவர்கள் மாறும் நேரத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் பிஸ்கட்டும் மாத்திரையும் அவர் மடியிலேயே இருக்கும்.

பெட்டியும் ஒருமுறை வந்து சேரவில்லை. எங்கள் பெட்டிகளில் ஒன்று மட்டும் மான்செஸ்டர் பெல்ட்டில் வரவேயில்லை. அப்படி ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பிஐஆர் என்ற புகார்ச் சீட்டைக் கையில் வாங்கிவிட வேண்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அந்த உச்சம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இடையில் வாங்கிய துணிமணிக்கு ரசீது வைத்திருந்தோம், அந்தத் தொகை மட்டும் வந்தது, அதுவும் நாங்கள் ஊர் திரும்பிய பிறகு. பெட்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த முறுக்கு மாவாகியிருந்தது.

அக்கா கேட்கும் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வேண்டும் என்பாள். புவிசார் குறியீடு வாங்கிய காய்தான், ஆனால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் இங்கிலாந்துக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் அப்படியே. பால்கோவா, நெய், கறி வகை எதுவும் கூடாது. மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, புளி பிரச்சினையில்லை. கொப்பரைத் தேங்காயைச் சென்னையிலேயே செக்-இன் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள், எண்ணெய்ப் பசையால் தீப்பற்றும் என்று. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். எடை விஷயத்தில் இந்த நிறுவனம் தாராளம்தான். ஆனால் மொத்தம் எத்தனை கிலோ என்ற கணக்கா, பெட்டிக்கு எத்தனை கிலோ என்ற கணக்கா என்பது வழித்தடத்துக்கும் டிக்கெட் வகைக்கும் ஏற்ப மாறுகிறது. எப்படியிருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது.

மைல்கள் சேர்கின்றன. குடும்பத்தில் எல்லாருடையதையும் ஒரே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நல்ல வசதி. மே மாதத்தில் அதை வைத்து இலவச டிக்கெட் எடுக்கலாம் என்று பார்த்தால் கிடைப்பதில்லை. காலாவதியாவதற்கு முன் கூடுதல் பெட்டிக்குச் செலவழித்துவிடுகிறோம்.

இதே நிறுவனம் பெங்களூரிலிருந்தும் போகிறது, சில வாரங்களில் விலையும் குறைவு. அங்கே விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நம் ஊரிலிருந்து ஓசூர் ரோடு நெரிசலைக் கடந்து நகரத்தின் மறுகோடியில் இருப்பதால் இதுவரை போகவில்லை. ஹொஸ்கோட்டேவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போடும் சுமார் 260 கிலோமீட்டர் விரைவுச்சாலை முழுவதும் திறந்துவிட்டால், ஹொஸ்கோட்டேவில் இறங்கி ஊருக்குள் நுழையாமலே விமான நிலையம் போய்விடலாம். அப்போது இரண்டு ஊர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் டிக்கெட் போடச் சொல்வேன் என்று காந்தி ரோட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.