நிலாவெளி மணலில் எக்வினொக்ஸ் 800: எந்தப் பொருளுக்கு எந்த அதிர்வெண்?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் குளிக்க வருவோர் தொலைத்த நகைகளைத் தேடிக் கொடுப்பதற்காக, மைன்லாப் எக்வினொக்ஸ் 800 மெட்டல் டிடெக்டரைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 5, 10, 15, 20, 40 கிலோஹேர்ட்ஸ் என்ற தனி அதிர்வெண்களோடு, பலவற்றை ஒருங்கே இயக்கும் மல்ரி முறையும் இதில் உண்டு. குறைந்த அதிர்வெண் ஆழமாகச் செல்லும் என நம்பி 5 இலேயே தேடுவோர் பலர். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

தடித்த வெள்ளிக் காப்பு, செம்புப் பாத்திரம் போன்று மின்னை நன்கு கடத்தும் பெரிய பொருள்களுக்கே 5 உதவுகிறது. இங்கு பெரும்பாலும் தொலைவதோ மெல்லிய மோதிரம், ஒற்றைத் தோடு, சங்கிலி என 22 கரட் தங்கம். அவற்றுள் சங்கிலியே மிகக் கடினமானது; கருவி அதனை ஒரே பொருளாக அன்றித் தனித்தனிக் கண்ணிகளாகவே உணர்வதால், பல பவுண் எடையுள்ள சங்கிலிகூட மிகச் சிறிய பொருளைப் போன்றே ஒலிக்கும். ஆகவே காய்ந்த மணலில் மோதிரத்துக்கு 15 அல்லது 20, சங்கிலிக்கும் தோட்டுக்கும் 40 என்றே வைக்கிறேன். சிறு பொருளொன்றின் ஆழம் இரு மடங்கானால், திரும்பி வரும் சமிக்ஞை ஏறத்தாழ 64 இல் ஒரு பங்காகிவிடும். இந்த இழப்பை எந்த அதிர்வெண்ணும் ஈடுசெய்யாது. கொயிலை (கருவியின் அடியிலுள்ள, உலோகத்தை உணரும் வட்டத் தட்டை) மணலோடு ஒட்டி மெதுவாக வீசுவதே அதிகம் பலன் தருகிறது.

அலை நனைக்கும் மணலில் நிலைமை வேறு. உப்புநீர் தானே மின்னைக் கடத்துவதால் தனி அதிர்வெண்ணில், குறிப்பாக 40 இல், கருவி ஓயாமல் அலறும். மல்ரி முறையோ உப்பின் சமிக்ஞையையும் உலோகத்தின் சமிக்ஞையையும் ஒப்பிட்டுப் பிரிக்கிறது. கருவியில் கடற்கரைக்கென உள்ள இரு தெரிவுகளில் அது மட்டுமே வழங்கப்பட்டிருப்பதும் இதனாலேயே. வடகீழ்ப் பருவக்காற்றின் பின் கரையை அலை அரித்து, புல்மோட்டையில் அகழப்படும் இல்மனைற்று என்னும் இரும்பு கலந்த கனிமம் போன்ற கருமணல் படிந்திருந்தால், உணர்திறனைக் குறைத்து இரண்டாம் கடற்கரைத் தெரிவுக்கு மாறுகிறேன். உணர்திறன் எண் சற்றுக் குறைந்தாலும் ஒலி தெளிவாக இருப்பதே எனக்கு முக்கியம்.

2005 முதல் வந்த இலங்கை நாணயங்களில் பல முலாமிட்ட எஃகு என்பதால், அவை இரும்புக்கும் நல்ல உலோகத்துக்கும் இடையே தடுமாறி ஒலிக்கும். சோடா மூடியும் அவ்வாறே.

தொல்பொருள் தேடி அனுமதியின்றித் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். கோணேசர் கோயிலையும் பிரெட்றிக் கோட்டையையும் சூழ்ந்த நிலத்தில் கருவியை இயக்குவதே தகாது. போர் நடந்த மாவட்டம் இது; வெடிக்காத குண்டுகள் புதைந்திருக்கலாம். 5 இல் ஆழத்திலிருந்து அகன்ற, கனத்த ஒலி எழுந்தால் தோண்டாமல் விலகிப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.