ஜிப் ரன்னர் மாற்றிய பிறகு: என் ஸ்லீப்பிங் பேக்கோடு ஆறு வருடம்

போன வாரம் அலுவலகத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, உங்ககிட்ட இருக்கிற அதே ஸ்லீப்பிங் பேக் இப்ப 9,000 ரூபாய்க்கு ஆஃபர்ல கிடைக்குது. வாங்கலாமா?" 2018-இல் நான் 14,000 கொடுத்து வாங்கியது. வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எடை, உள்ளே அடைத்திருக்கும் தூவியின் (பறவையின் மெல்லிய இறகு) தரம், சுருட்டினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். உறையின் மேல் பெரிய எழுத்தில் -10 டிகிரி என்று போட்டிருப்பது 'லிமிட்' அளவு. ஓர் ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்தால் இரவைத் தள்ளிவிடலாம் என்று பொருள். உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளில் 'கம்ஃபர்ட்' -4 என்று இருக்கிறது. நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கதகதப்பில் குறையே சொல்ல முடியாது. சிக்கிமில் கோய்ச்சா லா கணவாய்க்கு நடைபயணம் போனபோது, ஜோங்ரி முகாமில் 4,000 மீட்டரில் முதல் முறையாக இதற்குள் படுத்தேன். விடியற்காலையில் பார்த்தால் நாங்கள் விட்ட மூச்செல்லாம் கூடாரத்தின் உள்பக்கம் பொடிப் பனியாக ஒட்டியிருந்தது. துணியைத் தொட்டால் போதும், முகத்தில் கொட்டியது. பைக்குள் என் கால் விரல்கள் சூடாக இருந்தன. வெந்நீர் பாட்டில், மறுநாளுக்கான சாக்ஸ், கேமரா பேட்டரி, போன் எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொண்டு படுக்கவும் இடம் இருந்தது. அடுத்த வருடம் நேபாளத்தில் காலா பத்தர் மலை ஏறுவதற்கு முந்தைய இரவு, அதன் அடியில் இருக்கும் கோரக் ஷெப்பிலும் அப்படித்தான். விடுதியில் கொடுத்த கம்பளியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

இப்போது ஜிப்புக்கு வருகிறேன்.

ஜிப் வழியாகக் குளிர் இறங்காமல் இருக்க, அதன் உள்பக்கம் நீளமாகத் தூவி அடைத்த ஒரு குழாய் ஓடுகிறது. அதன் துணி வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. ரன்னரை, அதாவது ஜிப்பை ஏற்றி இறக்கும் பிடியை, இழுக்கும்போதெல்லாம் அந்தத் துணி ஜிப்பின் பல்லுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் முழங்கால் உயரத்தில், ஒரே இடத்தில். ஊரில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. விளக்கைப் போட்டு, துணியைப் பின்னால் இழுத்துப் பிடித்து, மெதுவாக விடுவித்துவிடலாம். 4,500 மீட்டருக்கு மேலே கதை வேறு. உயரத்தில் சிறுநீர் அதிகம் பிரியும், உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். எனக்கு ஓர் இரவில் மூன்று நான்கு தடவை எழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஜிப்பைத் திறந்து மூட வேண்டும். பாதிக்குப் பாதி மாட்டும்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த உயரத்தில் தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, பிறகு திடீரென்று வேகமாக இழுக்கும். பலருக்கும் வருவதுதான். ஆனால் அப்படி விழிக்கும்போது நெஞ்சு திறந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். கை ஜிப்பைத் தேடும். ஜிப் நகராவிட்டால் வரும் பயத்தை நான் மூன்று இரவு அனுபவித்திருக்கிறேன்.

2022 ஆகஸ்டில் லடாக்கில் காங் யாட்சே 2 சிகரம், உயரம் 6,250 மீட்டர். மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக நடந்து, நிமாலிங் தாண்டி, 5,000 மீட்டர் வாக்கில் பேஸ் கேம்ப். நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். 11 மணிக்கு டீ வந்துவிட்டது. ஜிப் முழங்காலில் மாட்டிக்கொண்டது. ஹெட்லேம்ப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையுறையைக் கழற்றி, அரை அங்குலத் துணியை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். துணி கிழிந்து வெள்ளைத் தூவி பறந்தது. கடைசியில் தலைத் திறப்பு வழியாகவே உடம்பை உருவி வெளியே வந்தேன். மூச்சு வாங்கி அடங்கவே பத்து நிமிடம் ஆனது. எனக்காக நான்கு பேர் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று நான் உச்சியைத் தொடவில்லை. 5,900 அருகே தலைவலி அதிகமாகி, வழிகாட்டி திருப்பி அனுப்பினார். அதற்கு ஜிப்பைக் காரணம் சொன்னால் அநியாயம். முந்தைய நாளே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரி, நியாயம் இதுதான். ஆனாலும் அந்த மலையை நினைத்தால் பனிச்சரிவோ விடியலோ எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அந்த அரை அங்குலத் துணிதான் வருகிறது.

நிறுவனத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வழக்கமான தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. கிழிசலுக்கு டேப் ஒட்டி ஓட்டினேன். இந்த வருடம் ரன்னருக்குப் பின்னால் பல் தானாகப் பிரிய ஆரம்பித்ததும், வீட்டுக்குப் பக்கத்தில் பேக் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். ரன்னரைத் திருப்பிப் பார்த்தவர், "வாய் விரிஞ்சுபோச்சு, மாத்திடலாம்" என்றார். அப்புறம் அந்தக் குழாயைத் தடவிப் பார்த்து, "இங்க ஒரு விறைப்பு நாடா இருந்தா துணி உள்ள போகாதே, ஏன் வைக்கல?" என்று கேட்டார். தூவி இருக்கும் அறையில் ஊசி படாமல், குழாயின் ஓரத் தையல் மேலேயே கையால் ஒரு நாடாவை வைத்துத் தைத்துக் கொடுத்தார். ரன்னரும் நாடாவும் கூலியும் சேர்த்து 150 ரூபாய். வீட்டில் நாற்பது ஐம்பது தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு தடவைகூட மாட்டவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நான் அன்று முழுக்கக் கோபமாக இருந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் கையால் தடவிக் கண்டுபிடித்ததை, மலைக்கென்றே பை செய்கிறவர்கள் ஆறு வருடமாக மாற்றவில்லை. இப்போது ஆஃபரில் வருவதும் அதே ஜிப்தான். கடையில் போய் இழுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டாவது இழுப்பிலேயே மாட்டியது.

அதனால் தம்பி, வாங்காதீர்கள். 9,000 இல்லை, 5,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம். அக்டோபரில் கோய்ச்சா லாவுக்கு என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள். அழுத்திச் சுருட்டி வைத்தால் தூவி செத்துவிடும் என்பதால் பெரிய காட்டன் பையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன். முழங்காலுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டிய இடம் மட்டும் கொஞ்சம் பார்த்து. திரும்பி வந்ததும் துவைக்க வேண்டாம், இரண்டு நாள் நிழலில் காயவைத்துக் கொடுங்கள். அடுத்த ஆகஸ்டில் எனக்கு அது வேண்டும்.