இடித்த இடத்தில் எதைக் கொடுப்பது: லைசென்ஸா, போன் நம்பரா, பாலிசி எண்ணா?

போன வருடம் வேளச்சேரி சிக்னலில் முன்னால் நின்ற ஆம்னி வேனின் பின் பம்பரில் என் கார் லேசாக முட்டிவிட்டது. தப்பு என்னுடையதுதான், பிரேக்கிலிருந்து கால் நழுவிவிட்டது. இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். "ஏம்மா, பாத்து வரக்கூடாதா?" என்று சத்தம் போட்டவர், கொஞ்சம் தணிந்ததும் "லைசென்ஸ எடும்மா" என்றார். பதற்றத்தில் எடுத்து நீட்டினேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எனப் போனில் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். என் லைசென்ஸில் இன்னும் அந்த முகவரிதான். டிங்கரிங் செலவு 5,500 ரூபாய் என்று பில்லோடு வந்திருந்தார். அம்மா உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.

நல்ல மனிதர்தான். இருந்தாலும் அன்றிரவு லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன். என் முகம், அப்பா பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி. ஒரு பம்பர் கீறலைச் சரிசெய்ய இதில் எது தேவைப்பட்டது என்று யோசித்தால் ஒன்றுமே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 130-வது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். எதிர் வண்டிக்காரருக்கு அந்தப் பிரிவு அப்படி ஓர் உரிமையைத் தரவில்லை. ஆனால் நம்மிடம் இழப்பீடு கேட்பவர் இன்சூரன்ஸ் உண்டா, விவரம் என்ன என்று கேட்டால் மறைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். லைசென்ஸை நீட்டிவிடுகிறோம், பாலிசி எந்தக் கம்பெனி என்றே பலருக்கு நினைவில்லை.

லைசென்ஸுக்குப் பதில் போன் நம்பர் கொடுத்தால் பரவாயில்லை என்று நானும் நினைத்திருந்தேன். வேன்காரருக்கு ஜிபேயில் பணம் அனுப்பினேன், நம்பரும் போய்விட்டது. வாட்ஸப்பில் என் புகைப்படம், பணம் போன ரசீதில் வங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர் எல்லாம் அவர் கைக்குப் போயின. தினமும் காலை ஏழு மணிக்கு ரோஜாப்பூவோடு ஒரு 'இனிய காலை வணக்கம்'. முகவரி போல நம்பர் ஆளை வாசலுக்குக் கொண்டுவராது என்பது உண்மை, பிளாக்கும் செய்யலாம். லைசென்ஸை விட இது மேல். ஆனாலும் பணம் பேசித் தீர்க்கப்போகிறோம் என்று முடிவான பிறகு மட்டும் கொடுப்பேன்.

பாலிசி எண்ணுக்கு வருவோம். சின்ன அடியில் அவரவர் முழு இன்சூரன்ஸில் அவரவர் வண்டியைச் சரிசெய்துகொள்வதுதான் இங்கே வழக்கம். கிளெய்ம் போட்டால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பது என் ஆர்.சி., என் லைசென்ஸ், என் பாலிசி, சேதத்தின் படங்கள். அடுத்தவர் வீடு எங்கே என்பது அதில் வராது. ஆகவே இரண்டு வண்டியின் நம்பர் பிளேட் படம், இன்சூரன்ஸ் கம்பெனி பெயர், பாலிசி எண்: இது போதும். ஒரு எச்சரிக்கை, பாலிசி தாளை அப்படியே படமெடுக்க விடாதீர்கள். அதில் முகவரி இருக்கிறது, நாமினி பெயரும் வயதும்கூட இருக்கிறது. எண்ணை மட்டும் வாயால் சொல்லுங்கள்.

வண்டி எண்ணை வைத்தே ஆளைப் பிடித்துவிட முடியாதா என்றால், முன்பு ஓரளவு முடிந்தது. மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் சொந்தக்காரர் பெயர் முழுதாக வந்தது. இப்போது நடுநடுவே நட்சத்திரக் குறி. (இதே வாகன, லைசென்ஸ் தகவல்களை மொத்தமாக விற்க 2019-இல் மத்திய அரசே கொள்கை வகுத்து, எதிர்ப்புக்குப் பிறகு 2020-இல் கைவிட்டது என்பது தனிக் கதை.) ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு பொதுத் தொலைபேசி எண் உண்டு. எதிர் வண்டியின் எண்ணைச் சொன்னால் அது எந்தக் கம்பெனியில் காப்பீடு செய்யப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள். பிரிட்டன் நேர் எதிர். நியாயமான காரணத்தோடு கேட்பவரிடம் ஓட்டுநர் பெயரையும் முகவரியையும் சொல்லியாக வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

சரி, எதிராளியிடம் தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது தன் வண்டிக்கு இல்லாமல் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான பாலிசி, மட்டும் இருந்தால்? வேன்காரர் அப்படித்தான். என் கம்பெனியிடம் அவர் பணம் வாங்க வேண்டுமென்றால் தீர்ப்பாயம்வரை போக வேண்டும். 5,500 ரூபாய்க்கு யார் போவார்கள்? நானும் என் காருக்குக் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அங்கே ரொக்கம்தான் வழி, தனியுரிமைக்கும் அதுதான் சிறந்தது. பின்னால் மறுபடி கேட்டு வரக் கூடாதே என்ற பயம் இருந்தால் ஒரு தாளில் தேதி, இரண்டு வண்டி எண், தொகை, 'தீர்ந்தது' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று.

ஸ்டேஷனுக்குப் போவது பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. எஃப்.ஐ.ஆர். படிவத்தில் புகார்தாரரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த வருடம், முகவரி எல்லாம் உண்டு. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏறுகின்றன. கீறலுக்கு ஸ்டேஷன் போய் எஃப்.ஐ.ஆர். பதிவானால் வேன்காரர் ஒருவருக்குத் தெரிவது ஊருக்கே தெரியும். யாருக்காவது காயம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் 24 மணி நேரத்துக்குள் போலீஸ்.

எடுத்த படத்தை அழிக்கச் சொல்லச் சட்டம் உதவுமா என்றும் பார்த்தேன். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் தகவலைத் தொடுவதில்லை. வேன்காரரின் கேலரியில் என் லைசென்ஸ் இன்னும் பத்திரமாக இருக்கும்.

இப்போது காரில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன்: வண்டி எண், கம்பெனி பெயர், பாலிசி எண். கேட்டால் அதை நீட்டுவேன், படமும் எடுத்துக்கொள்ளலாம். போன மாதம் வேன்காரர் மகன் கல்யாணப் பத்திரிகை எனக்கு வாட்ஸப்பில் வந்தது, தாம்பரத்துக்குத் தபாலில் போனது. நான் போகவில்லை. அம்மா போய்விட்டு வந்தார்.