வெள்ளத்தில் நின்ற காரை என் தலையில் கட்டினார்கள்

சென்னையில் பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விற்பனை நிலையத்தில் 4,20,000 ரூபாய்க்கு ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினேன். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி என்றார்கள். விற்பனைக்கு வரும் கார்களை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டுகிறார்கள் போல!

கொஞ்ச நாளில் பவர் விண்டோ நின்றது. ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. அப்புறம் நடுரோட்டில் இன்ஜின் ஆஃப். தெரிந்த மெக்கானிக் வேறு எதையும் தொடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். பாதிக்கு மேல் பழுப்பாக ஒரு கறைக்கோடு. மேட்டைத் தூக்கினால் சீட் போல்ட் எல்லாம் துரு, இடுக்கில் மாவு மாதிரி வண்டல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டு கேட்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் மூழ்கி, டோ செய்து கொண்டுவந்த வண்டி.

கடையில் கேட்டால், “பாத்துத்தானே சார் வாங்கினீங்க?” என்று டெலிவரி சீட்டை நீட்டினார்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பொய் சொல்லி விற்பதற்கு அது லைசென்ஸ் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம்.

“வண்டிய விட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தர்றோம்” என்றார்களே, அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கார்பெட்டை மாற்றிவிட்டால் சாட்சியும் போச்சு. நான் வண்டியைக் கொடுக்கவில்லை. போட்டோ, வீடியோ எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதைக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கடையில் நான் கேட்டபோது, “ஆடிட்டர்கிட்ட இருக்கு” என்றார்கள்.

மனு ஏற்கப்பட்ட பிறகு, பாதிப் பணம் தருகிறோம், வாபஸ் வாங்குங்கள் என்று போன் வந்தது. எழுத்தில் அனுப்பச் சொன்னேன். இதுவரை வரவில்லை. வழக்கு நடக்கிறது.