லாட்ஜா, குருத்வாராவா, பங்க்கா: 38 இரவுகளின் கணக்கு

நெடுந்தூரம் சைக்கிளில் போய் வந்தவனிடம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? சைக்கிள் என்ன விலை? இரண்டுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் அத்தையோ சித்தியோதான் சரியான கேள்வியைக் கேட்பார்: "ராத்திரி எங்கப்பா படுத்த?"

சைக்கிளை ரயிலில் பார்சல் போட்டு அமிர்தசரஸ் போய், அங்கிருந்து கன்னியாகுமரி வரை மிதித்தேன். டிசம்பர் முதல் வாரம் தொடக்கம், பொங்கலுக்குச் சில நாள் முன்பு முடிவு. 3,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜலந்தரில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் கடைசிவரை அதே சாலைதான், வழி கேட்கும் வேலையே இல்லை. கேட்க வேண்டியது படுக்க இடம் மட்டும். மொத்தம் 38 இரவு: லாட்ஜ் 15, டாபா 6, சீக்கியர் கோயிலான குருத்வாரா 5, பெட்ரோல் பங்க் 4, கோயிலும் கல்யாண மண்டபமும் சேர்த்து 3, முன்பின் தெரியாதவர் வீடு 3, சைக்கிள்காரர் வீடு 2.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது குருத்வாரா. மறக்க முடியாதது வீடு. ஆனால் தொடர்ந்து மூன்று இரவு யார் வீட்டிலாவது தங்கு என்றால் கும்பிடு போட்டுவிட்டு லாட்ஜுக்குப் போய்விடுவேன்.

லாட்ஜைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 500 முதல் 900 ரூபாய், ஆதார் நகல், ஒரு வாளி வெந்நீர். பயணக் கதை எழுதுபவர்கள் லாட்ஜைக் கொஞ்சம் கேவலமாகப் பார்ப்பார்கள், காசு கொடுத்துப் படுப்பதில் என்ன சாகசம் என்று. மூன்று நாள் துவைக்காத சைக்கிள் நிக்கரைப் போட்டுக்கொண்டு நூறு கிலோமீட்டர் மிதித்துப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். துவைக்க, காயப்போட, தொடையில் உராய்ந்த இடத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டு யாரிடமும் பேசாமல் கிடக்க, கதவு சாத்தும் அறை வேண்டும். ஒரே பிரச்சினை சைக்கிள். "கீழேயே விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். நான் விட்டதே இல்லை. பைகளைக் கழற்றி, சைக்கிளைத் தோளில் போட்டு மூன்று மாடி ஏற்றியிருக்கிறேன். ஜான்சி பக்கம் வழியில் பார்த்த ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்கு லாட்ஜ் கிடைப்பதே பாடாக இருந்தது. வெளிநாட்டவர் தங்கினால் அரசுக்குத் தகவல் தர வேண்டும். சின்ன ஊர் லாட்ஜ்காரருக்கு அது தலைவலி, "ரூம் இல்லை" என்றுவிடுகிறார். ஆக லாட்ஜ் எளிது என்று நான் சொல்வது ஆதார் வைத்திருப்பவனின் பேச்சு.

இனி குருத்வாரா. ஜலந்தர் தாண்டி ஒரு சிற்றூரில் முதன்முதலாக ஒதுங்கினேன். பஞ்சாபில் டிசம்பர் என்றால் ஐந்தரைக்கெல்லாம் இருட்டு, கூடவே பனிமூட்டம். முன்னால் போகும் டிராக்டரின் பின்விளக்கு பத்தடி தூரத்தில்தான் தெரியும். வாசலில் நின்று, தெரிந்த அரைகுறை இந்தியில் "தங்கலாமா?" என்றேன். அங்கிருந்த முதியவர் என் தலையைக் காட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தேன். தலையை மூட வேண்டும். பனியனுக்கு மேல் கழுத்தில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் சம்பிரதாயம். நோட்டில் பெயர், ஆதார் எண். அறையில் ஒரு மெத்தை, கல் மாதிரி கனமான ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த போர்வை. சைக்கிளை வராந்தாவுக்குள்ளேயே ஏற்றிவைக்கச் சொன்னார்.

எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடும் லங்கரில் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை அங்கே பர்ஷாதா என்கிறார்கள். நான் நம்மூர்ப் பந்தியில் உட்கார்ந்த நினைப்பில் தட்டைக் காட்டினேன். பரிமாறிய பையன் போடாமல் நின்றான். பக்கத்தில் இருந்தவர் தன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். ஏந்தினேன், விழுந்தது. லாரி டிரைவர், ஸ்கூட்டரில் வந்த வங்கி ஊழியர், ஒரு பிச்சைக்காரர், நான், எல்லோருக்கும் அதே ஏந்தல்தான். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். யாரும் கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

குருத்வாராவின் பெரிய வசதி இதுதான்: அங்கே நான் யாருக்கும் விருந்தாளி இல்லை. சாப்பாடு ஒருவர் கைக்காசில் வந்ததில்லை, மெத்தை ஒருவருடைய மெத்தையும் இல்லை. அதனால் நன்றிக்கடனும் குறிப்பிட்ட ஓர் ஆளின் மேல் போய் உட்காருவதில்லை. கைநீட்டி வாங்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. இழப்பு என்று பார்த்தால் தூக்கம்தான். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பமாகிவிடும். பெரிய குருத்வாராக்களில் கூட்டம் வேறு. அமிர்தசரஸில் இருபத்து நாலு மணி நேரமும் லங்கர் நடக்கிறது. அதற்கேற்ற சத்தமும் இருக்கும்.

கடைசி குருத்வாரா இரவு குவாலியரில், கோட்டை மேலே இருக்கும் பந்தி சோர் குருத்வாராவில். அந்த ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஆறாம் குரு ஹர்கோவிந்தை ஜஹாங்கீர் சிறைவைத்திருந்த கோட்டை அது. தனக்கு விடுதலை கிடைத்தபோது கூடச் சிறையில் இருந்த 52 அரசர்களையும் அவர் வெளியே கூட்டி வந்தார் என்பது சீக்கியர் மரபு. சிறை இருந்த இடத்தில் இப்போது கேட்பவனுக்கெல்லாம் கூரை. அதற்குத் தெற்கே என் வழியில் குருத்வாரா அரிதாகிவிட்டது. நாந்தேடில் பெரிய குருத்வாரா இருக்கிறது. ஆனால் அதற்காகத் தெலங்கானா எல்லையில் மேற்கே ஒரு நாள் விலக வேண்டும். விலகவில்லை. இப்போதும் அந்த வருத்தம் உண்டு.

குருத்வாரா இல்லாத இடத்தை மத்தியப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் டாபாதான் நிரப்பியது. முறை எளிது. சாப்பிட்டுவிட்டு, பில் கொடுத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலைக் காட்டி "இங்கே படுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். சாப்பிடும் முன் கேட்டால் முதலாளி யோசிப்பார், சாப்பிட்ட பின் கேட்டால் தலையாட்டுவார். லாரிக்காரர்களுக்காகவே போட்டிருக்கும் கட்டில் என்பதால் சைக்கிள்காரன் ஒன்றும் கூடுதல் பாரம் இல்லை. சைக்கிளைக் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் படுப்பேன். காலையில் சிமெண்ட் தொட்டி ஓரம் ஜட்டியோடு குளியல். மூன்று மணிக்கு ஒரு லாரி கிளம்பினால் அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் புகையில்தான் தூக்கம்.

பெட்ரோல் பங்க்கை டாபாவுக்கு மேலே வைப்பவர்கள் உண்டு. நான் கீழே வைப்பேன். குடிநீர், கழிப்பறை, காற்று மூன்றையும் பங்க் இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது விதி. அதனால் உள்ளே நுழையக் காரணம் தேட வேண்டாம். கேமரா இருக்கிறது, ஆள் இருக்கிறது, திருட்டுப் பயம் குறைவு. ஆனால் தங்க அனுமதி தர வேண்டியவர் அங்கே இருக்க மாட்டார். ராத்திரி ஷிஃப்ட் பையன் மேனேஜருக்குப் போன் போட, மேனேஜர் ஓனருக்குப் போட, அதுவரை வியர்வை காய்ந்து குளிரெடுக்கும். கிடைத்தாலும் வெள்ளை விளக்கு விடியவிடிய முகத்தில் அடிக்கும். காற்றடிக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் கூடாரம் போட்ட இரவில், கண் அசரும் நேரம் பார்த்து அது தடதடவென்று எழுந்துகொண்டது. இன்னொன்று: அங்கே அடுப்பு பற்றவைக்கவே கூடாது. ஸ்டவ் கையில் இருந்தும் பிஸ்கட்டோடு படுத்த இரவு அது.

சைக்கிள்காரர்கள் தங்களுக்குள் நடத்தும் வார்ம்ஷவர்ஸ் என்ற வலையமைப்பு 1993இல் தொடங்கியது. வருகிறவனுக்குத் தங்க இடமும் வெந்நீரும் கொடு, நீ போகும்போது இன்னொருவர் கொடுப்பார் என்பது கணக்கு. பொதுப் பயணிகளுக்கான கவுச்சர்ஃபிங் 2020இல் உறுப்பினர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது பலர் விலகிப் போனார்கள், நானும் ஒருவன். நாக்பூரிலும் ஹைதராபாத்திலும் சைக்கிள்காரர் வீட்டில் தங்கினேன். வந்தவனுக்கு என்ன தேவை என்று அவர்களுக்கே தெரியும். நாக்பூர் வீட்டில் கதவைத் திறந்ததும் "டீயா காபியா" என்று கேட்கவில்லை, "செயின் சத்தம் போடுதே" என்றார். குளித்துவிட்டு வருவதற்குள் செயினைக் கழுவி எண்ணெய் விட்டிருந்தார். குறை என்னவென்றால் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர வேண்டும். சியோனிக்குத் தெற்கே பெஞ்ச் புலிக்காட்டின் நடுவே சாலை போகிறது. விலங்குகள் அடியில் கடந்து போக மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே இருட்டில் மிதிக்க முடியாது என்று சியோனியிலேயே நின்றுவிட்டேன், நாக்பூர் போய்ச் சேர ஒரு நாள் தாமதம். நாக்பூர்க்காரர் எனக்காக லீவு போட்டிருந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. டாபாக்காரர் யாரும் எனக்காக லீவு போட்டதில்லை.

வீடு. சாகரிலிருந்து நரசிங்பூர் போகும் வழியில் சாயங்காலம் பின்சக்கரம் பஞ்சர். லாரி டயர் வெடித்தால் அதிலிருந்து முடிபோல மெல்லிய கம்பிகள் சிதறும், அதில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் குத்தும். போன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டிருந்தபோது எருமையை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்றார். எருமையும் நின்றது. இருவரும் நான் ஒட்டி முடிக்கும்வரை பார்த்தார்கள். பிறகு, கேட்காமலே, சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அவர் வீட்டில் வரட்டி நெருப்பில் சுட்ட கக்கட் என்ற கோதுமை உருண்டையும், சுட்ட கத்திரிக்காய் மசியலும். உருண்டையை உடைத்து அந்த அம்மா ஊற்றிய நெய்யின் அளவைப் பார்த்து நான் கையால் தடுக்க, அது அவருக்கு வெட்கம் மாதிரி தெரிந்திருக்கிறது, இன்னும் ஊற்றினார். அதற்குள் தெருவே வந்துவிட்டது. மதராஸ் எங்கே இருக்கிறது, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எட்டு மணிக்கே படுத்துப் பழகிய உடம்பு. பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை ஒன்றுக்குப் போக எழுந்தபோதுதான் பார்த்தேன், அணைந்துபோன நெருப்பின் பக்கத்தில் பெரியவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். என் மேல் இருந்தது அந்த வீட்டுத் திண்ணைக்கான ஒரே ரஜாய். காசை நீட்டும் தைரியம் எனக்கு வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட்டைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். வெயிலில் உருகாது, பையில் நசுங்காது, சைக்கிள்காரனுக்கு அதைவிட நல்ல அன்பளிப்பு கிடையாது.

அந்த இரவைக் குறை சொல்லவே மனம் வரவில்லை. ஆனாலும் ஒப்பீடு என்று வந்துவிட்டால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தங்கிய மூன்று வீடுகளில் இரண்டில் சாதி கேட்டார்கள். சோறு போடும் முன்பு. நான் சொன்ன பதில் அவர்களுக்கு ஒத்துப்போனது அல்லது புரியவில்லை, சோறு வந்தது. வேறு பதிலாக இருந்திருந்தால்? கரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கோயில் மண்டபத்தில் பாயை விரித்தபோதும் "தம்பிக்கு எந்த ஊரு? என்ன ஆளுங்க?" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. குருத்வாராக்களில் ஐந்து இரவும் அந்தக் கேள்வி வரவில்லை. நான் அதை முதலிடத்தில் வைப்பதற்குப் பர்ஷாதாவை விட இதுதான் காரணம்.

இன்னொன்று, இது ஓர் ஆணின் வரிசை. தனியாகச் சைக்கிளில் சுற்றும் என் தோழி ஒருத்தி டாபாவையும் பங்க்கையும் பட்டியலிலேயே சேர்க்க மாட்டாள். அவளுக்கு லாட்ஜ், குருத்வாரா, கன்னியாஸ்திரி மடம், அப்புறம் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வீடு. ஆண்கள் கூப்பிட்டால் நிற்பதில்லை, பெண்கள் கூப்பிட்டால் யோசிப்பதில்லை என்பாள்.

தமிழ்நாட்டுக்குள் வந்தபோது மார்கழி. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபங்கள் காலி. தொப்பூர் கணவாய் இறங்கிய அன்று சேலத்துக்கு முன்பே ஒரு மண்டபத்து வாட்ச்மேன் மணமகன் அறையையே திறந்துவிட்டார், ஐம்பது ரூபாயும் ஒரு டீயும். தை பிறந்தால் அதே கதவு திறக்காது. சபரிமலை சீசன் வேறு. திண்டுக்கல் பக்கம் அன்னதானப் பந்தலில் என்னையும் மாலை போட்டவன் என்று நினைத்து "சாமி, சாப்பிட்டுப் போங்க சாமி" என்று சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் சாமி இல்லை என்றேன். "பரவால்ல சாமி, உக்காருங்க" என்றார்கள். படுக்கவும் அங்கேயே பாய் தந்தார்கள். கோயில், மண்டபக் கணக்கில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

கோவில்பட்டி வந்தபோது கடலை மிட்டாய் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பாக்கி இருந்தது இரண்டு இரவுதான், இருந்தாலும் பழக்கதோஷம், ஐந்து பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் வள்ளியூர் தாண்டி ஒரு பங்க்கில் ராத்திரி ஷிஃப்ட் பையன் யாருக்கும் போன் போடாமல் ஆபீஸ் ரூமிலேயே படுக்கச் சொன்னான். காலையில் ஒரு பாக்கெட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நமக்குக் கோவில்பட்டிதான் அண்ணாச்சி. வீட்ல இதான் தொழிலு."

ஆனாலும் வாங்கிக்கொண்டான்.