பூவனா, பெடையா: நாலு வருஷம் நூல் கட்டிப் பார்த்ததில் தெரிந்தது

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. எங்கள் ஊரில் சேவலைப் பூவன் என்போம், பெட்டையைப் பெடை என்போம். 2021-ல் சந்தையில் ஆறு குஞ்சு வாங்கினேன். "எல்லாம் பெடைதான், நம்பிக் கொண்டு போ" என்றார் விற்றவர். முட்டைக்காகக் காத்திருந்தேன். ஆறில் நாலு கூவின.

அந்தக் கடுப்பில் தொடங்கிய வேலை இது. அடை வைத்துப் பொரிக்கிற ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வேறு வேறு நிற நூல் கட்டுவேன், என் ஊகத்தைக் காலண்டரில் எழுதுவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். ஒரு தடவை மறந்துபோய் ஒன்றுக்குக் கால் வீங்கிவிட்டது.

முதலில் அம்மச்சி சொன்ன வழி: கூர் முட்டை பூவன், உருண்டை முட்டை பெடை. கூர் முட்டையாகப் பொறுக்கி ஒன்பது வைத்தேன். 21 நாளில் ஏழு பொரிந்தன; மூன்று பூவன், நாலு பெடை. "உனக்கு முட்ட பொறுக்கத் தெரியல்ல மக்ளே" என்றாள். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழியின் உடம்பிலேயே முடிவாகிவிடுகிறது. ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து வீடியோக்களில் காட்டும் சிறகு வித்தை. பிறந்த அன்றே சிறகை விரித்தால் நீள இறகும் அதன் மேல் இறகும் ஒரே அளவாக இருந்தால் பூவன், நீள இறகு எட்டி நின்றால் பெடை. என் நாட்டுக்கோழிகளிடம் காசு சுண்டிப் பார்த்ததற்கு மேல் ஒன்றும் பலிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், சீக்கிரம் இறகு முளைக்கிற சேவலையும் தாமதமாக முளைக்கிற பெட்டையையும் பார்த்துச் சேர்த்தால்தான் குஞ்சுகளில் அந்த வித்தியாசம் வரும். சந்துபொந்தெல்லாம் மேய்கிற என் கோழிகளுக்கு ஏது அந்தக் கணக்கு?

ஆசனவாயைப் பிதுக்கிப் பார்ப்பது 1920களில் ஜப்பானியர்கள் கண்ட முறை. பெரிய பொரிப்பகங்களில் பழகிய கைகள் செய்வது. நான் ஒரே ஒரு தடவை முயன்றேன். உள்ளங்கை நிறையக் கழிச்சலும் ஒரு குஞ்சின் கதறலும் கிடைத்தது. அழுத்தினால் குடல் கெடும். வேண்டாம்.

கொண்டை கொஞ்சம் உதவும். ஐந்து, ஆறு வாரத்தில் பூவனுக்குக் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கும், பெடைக்கு மஞ்சளாகவே மெலிந்து கிடக்கும். ஆனால் ஒரே ஈட்டுக் குஞ்சுகளுக்குள்தான், அதாவது ஒன்றாகப் பொரிந்தவற்றுக்குள்தான், ஒப்பிட வேண்டும். நான் இரண்டு ஈட்டைக் கலந்து பார்த்து, சிவந்த கொண்டைக்காரி ஒன்றைப் பூவன் என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு விற்றேன். அது மற்றதைவிட இரண்டு வாரம் மூத்த வெடக்கோழி. இப்போதும் அக்கா முட்டை கொண்டுவந்து, "ஒன் பூவன் இட்டது" என்று நீட்டுவாள். அசில் என்கிற சண்டைக்கோழி இனம் கலந்ததுக்குக் கொண்டையே பட்டாணி மாதிரி ஒட்டிக் கிடக்கும். கடக்நாத் என்கிற கருங்கோழிக்குக் கொண்டையும் கறுப்பு. இரண்டிலும் இந்த அடையாளத்தை நம்பாதீர்கள்.

நான் தலையசைப்பது இறகுக்குத்தான். மூன்று மாதம் நெருங்கும்போது காலை வெயிலில் கோழியைக் கையில் பிடித்து, வாலுக்குச் சற்று முன்னால் முதுகின் இரு பக்கமும் விரலால் ஒதுக்கிப் பாருங்கள். பூவனுக்குப் புது இறகு ஒடுங்கி, நுனி கூராகி, எண்ணெய் தடவினதுபோல மினுங்கும். பெடைக்கு நுனி நகம் மாதிரி வட்டமாக இருக்கும். ஒரு இறகு கூராக வந்திருந்தாலே போதும். இதை வைத்து எழுதிய ஊகத்தை நான் ஒரு தடவைகூட அடிக்க வேண்டி வரவில்லை. கால் தடிமன், நிமிர்ந்த நடை, சண்டைக்குணம் எல்லாம் துணைக்குச் சரி. எங்கள் வீட்டிலேயே சண்டைக்காரி பெடைகள் இரண்டு உண்டு.

முட்டைக்கென்று வாங்குபவர்கள் காசு கூடினாலும் மூன்று மாதக் கோழியாக வாங்குங்கள். குஞ்சாகத்தான் வேண்டுமென்றால் பாதி பூவன் வரும் என்று நினைத்தே வாங்குங்கள்.

இப்போது ஏழு வாரக் குஞ்சு பதினொன்று நிற்கின்றன. சிவப்பு நூல்காரியைப் பெடை என்று எழுதியிருக்கிறேன். அம்மச்சி பூவன் என்கிறாள். காலண்டரில் அதையும் எழுதி வைத்தாயிற்று.