கம்ப்ரசர் டீஹியூமிடிஃபையர்: பூஞ்சை பிடித்த அறைக்கு வாங்கலாமா?

பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்புள்ளி, துணியை எடுத்தால் மக்கிய வாடை. இதற்காகத்தான் நாளுக்கு 12 லிட்டர் தண்ணீர் எடுக்கும் என்று போட்டிருந்த கம்ப்ரசர் டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தைக் குளிரவைத்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கிற மெஷின்) ஒன்றை வாங்கினோம், மழைக்காலம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகு எழுதுகிறேன். வேலை செய்கிறது. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டால் 80 சதவீதத்துக்கு மேல் நின்ற ஈரப்பதம் காலைக்குள் 55 பக்கம் வந்துவிடுகிறது. 60க்கு மேல் தொடர்ந்து நின்றால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், அதனால் நமக்கு இது போதும்.

அந்த 12 லிட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். பொதுவாக 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் வைத்துச் சோதித்துப் போடுகிற கணக்கு அது. அறை காயக் காயத் தண்ணீர் குறையத்தான் செய்யும், மெஷின் கெட்டுப்போச்சு என்று பதற வேண்டாம்.

குறையென்றால் முதலில் சூடு. நீராவி தண்ணீராகும்போது விடுகிற வெப்பம், மோட்டார் வெப்பம் எல்லாம் அறைக்குள்ளேயேதான் இருக்கும், ஏசி மாதிரி வெளியே தள்ளாது. அடுத்தது தொட்டி. உள்ளே ஒரு சின்ன மிதவை இருக்கிறது, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பச் செருகும்போது அது கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் 'தொட்டி நிரம்பிவிட்டது' என்று சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் ஓடாது. தினமும் இதோடு மல்லுக்கட்டுவது எரிச்சல். பின்னால் ஓஸ் மாட்டிக் குளியலறைக்கு விட்டால் தொல்லை தீர்ந்தது, ஆனால் பம்ப் கிடையாது என்பதால் ஓஸ் சரிவாகவே போக வேண்டும்.

மெஷின் முகப்பில் காட்டுகிற அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது தன் வாய்க்கு வருகிற காற்றைத்தான் அளக்கிறது. தனியாக ஒரு ஈரப்பதமானி வாங்கி பீரோவுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், நடு அறையில் 55 என்றால் அங்கே அதைவிட நன்றாகவே கூடக் காட்டும், ஏனென்றால் சுவர் குளிர்ச்சி, காற்றோட்டமும் இல்லை. சுவருக்கும் பீரோவுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்ட பிறகுதான் எங்களுக்கு அந்த மூலை காய்ந்தது.

கையடக்கமாக வருகிற பெல்டியர் டப்பாவும் (கம்ப்ரசர் இல்லாத குட்டி டீஹியூமிடிஃபையர்) வீட்டில் இருக்கிறது. நாள் முழுக்க ஓடினால் ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான், அதை அறைக்கு வைப்பது கடலைக் கரண்டியால் இறைக்கிற கதை. சின்ன அலமாரிக்குச் சரி.

இன்னொன்று, ஏற்கெனவே பிடித்த பூஞ்சையை இந்த மெஷின் எடுக்காது. மாஸ்க் போட்டுக்கொண்டு நாம்தான் துடைக்க வேண்டும், வறட்டுத் துணியால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும், அதனால் ஈரத்துணி. பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அறைக்குள் துணி காயப்போடுகிறவர்கள், ஜன்னல் திறக்க வழியில்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம். சுவரின் அடியிலிருந்து ஓதம் ஏறினாலோ, உள்ளே ஏதாவது குழாய் கசிந்தாலோ இதை வாங்காதீர்கள், ஒரு பக்கம் இது உறிஞ்ச மறுபக்கம் ஊறிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில்தான் ஏறும். அதற்கு பிளம்பரையோ கொத்தனாரையோ கூப்பிடுங்கள்.